படிக்காமல் விட்ட அத்தியாயம்

எங்கள் வீட்டில் மிளகு உதிர்ப்பது என் மனைவியின் வேலை. கொடியிலிருந்து பறித்து வந்த சரங்களைச் சாக்கின் மேல் பரப்பி, அதன் மேல் ஏறி நின்று, சுவரை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மிதிப்பாள். மணி தனியாக உதிரும், காம்பு தனியாகக் கழன்று வரும். கையால் உருவினால் இரண்டு நாள் ஆகிற வேலை, காலால் மிதித்தால் ஒரு மத்தியானத்தில் முடிந்துவிடும். அந்த மத்தியானங்களில்தான் நான் என் நாவல்களை அவளுக்குப் படித்துக் காட்டுவது. நான் முக்காலியில் உட்கார்ந்து படிப்பேன், அவள் மிதித்துக்கொண்டே கேட்பாள். கதை பிடித்துப்போனால் கால் நின்றுவிடும். பிடிக்காவிட்டால் மிதி வேகமெடுக்கும். படித்தவர்கள் பலர் என் கையெழுத்துப் பிரதிகளைப் பார்த்து அபிப்பிராயம் சொல்லியிருக்கிறார்கள். அந்தக் கால்களை நம்பிய அளவுக்கு அவர்களில் யாரையும் நான் நம்பியதில்லை.

இதைப் பார்த்து ஊரில் கேலி செய்யாதவர் கிடையாது. "ஊட்டுக்காரி மெதிக்கறா, ஊட்டுக்காரரு ஓதறாரு. நல்ல குடித்தனமுங்க" என்பார் பக்கத்துத் தோட்டக்காரர். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். பொதுவாகவே எனக்குச் சீக்கிரம் கோபம் வரும், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. நான் எழுதிய ஐந்து நாவல்களுக்கும் சோறு போட்டது அவள் மிதித்த மிளகும் அவள் பிடுங்கிய மரவள்ளிக் குச்சிக்கிழங்கும்தான். நாவல் எனக்கு ஒருநாளும் சோறு போட்டதில்லை. ஒரு வேளை டீ வாங்கிக் கொடுத்திருக்கும்.

கொல்லிமலையில் எங்கள் பெரக்கரை நாட்டில் எழுத்தாளன் என்றால் மனு எழுதுகிறவன் என்று பொருள். விடிந்ததும் நோட்டை விரித்து நாலு வரி எழுதலாம் என்று உட்கார்ந்தால், வாசலில் யாராவது நிற்பார்கள். "ஏனுங்க, கதை எழுதறவரு நீங்கதானுங்களா? முதியோர் பென்சனுக்கு ஒரு மனு எழுதோணுமுங்க." எழுதிக் கொடுப்பேன். பட்டா மாறுதல், ரோடு, தெருவிளக்கு, கரடி வந்து கிழங்கைத் தின்றது, எல்லாம் என் கையெழுத்தில் தாலுகா ஆபீசுக்குப் போயிருக்கின்றன. சும்மா சொல்லக் கூடாது, என் மனுக்களுக்குப் பதில் வந்திருக்கிறது. நாவல்களுக்குத்தான் வரவில்லை.

முதல் நாவலை நகரத்தில் ஒரு பதிப்பகத்துக்குத் தபாலில் அனுப்பிவிட்டு இரண்டு மழைக்காலம் காத்திருந்தேன். பிறகு பொறுக்க முடியாமல் நேரிலேயே போனேன். அங்கே என் பிரதி மேசை விசிறிக்கு அடியில் இருந்தது. விசிறியின் கால் ஒன்று குட்டையாம், அதற்கு முட்டுக் கொடுத்திருந்தார்கள். எனக்கு ஆத்திரமாக வந்தது. விசிறியை நானே தூக்கி நகர்த்திவிட்டு, பிரதியை உருவிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் மனைவி "படிச்சாங்களாமா?" என்று கேட்டாள். "நம்ம நாவல் மெட்ராஸ் காத்து வாங்கிக்கிட்டிருந்துச்சு" என்றேன். விஷயத்தைச் சொன்னதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்துவிட்டேன். அன்றைக்கு அவள் அழுதிருந்தாலோ ஆறுதல் சொல்லியிருந்தாலோ நான் எழுதுவதையே விட்டிருப்பேன்.

இன்னொரு முறை, என் மூன்றாவது நாவல் வந்தபோது, கீழே ஒரு புத்தகக் கூட்டத்தில் பேசக் கூப்பிட்டார்கள். இரவல் வாங்கிய வெள்ளைச் சட்டையில் போய்ப் பேசினேன். முடிந்ததும் நாலைந்து பேர் என்னைத் தேடி வந்தார்கள். ஆகா, வாசகர்கள் என்று எழுந்து நின்று கும்பிட்டேன். "கொல்லிமலை மிளகு நல்லா காரமா இருக்குமாமே, உங்களால அனுப்ப முடியுமா சார்?" என்று கேட்டார் முதலாமவர். மற்றவர்களுக்கும் அதேதான் வேண்டியிருந்தது. அவர்கள் தந்த விலாசங்களை எழுதிக்கொண்டு வந்தேன். அதற்கும் அவள் சிரித்தாள். சிரித்துவிட்டு மிளகைப் பொட்டலம் கட்டி அனுப்பவும் செய்தாள்.

இப்படி எதையும் அவளிடம் மறைக்காமல்தான் எழுதி வந்தேன், ஐந்தாவது நாவலின் ஏழாவது அத்தியாயம் வரைக்கும்.

அந்த அத்தியாயத்தைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் எங்கள் முதல் குழந்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்களுக்கு ஒரு மகன் இருக்கிறான், நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் வேலை செய்கிறான். அவனுக்கு முன்னால் ஒரு பெண் பிறந்தாள். ஏழு நாள் இருந்தாள். ஏழாம் நாள் விடிகாலையில் உடம்பு அனலாகக் கொதித்தது, பால் குடிக்கவில்லை. அப்போது எங்கள் ஊருக்கு ரோடு கிடையாது. துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக, பஸ் வந்து நிற்கிற சோளக்காட்டுக்கு வந்து, சேந்தமங்கலம் ஆஸ்பத்திரிக்குப் போக முதல் பஸ்ஸைப் பிடித்தோம்.

மலையிறங்கும் வளைவுகளில் பாதி தாண்டியிருக்கும். துணிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த குழந்தையின் காலைத் தொட்டேன். சில்லென்றிருந்தது. கொஞ்சம் பொறுத்து மறுபடியும் தொட்டேன். எனக்குத் தெரிந்துவிட்டது. அவளுக்குச் சொல்லவில்லை. சொன்னால் நடுக்காட்டில் அந்தப் பஸ்ஸில் என்ன ஆவாளோ என்ற பயம். ஆஸ்பத்திரி போகிறவரைக்கும் அவளிடம் நம்பிக்கை இருக்கட்டுமே என்று நினைத்தேன். ஆனால் அதற்குப் பிறகு நடந்ததுதான் இத்தனை வருஷமாக என் நெஞ்சில் கிடந்தது. அவள் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு குழந்தைக்குப் பால் கொடுக்கப் பார்த்தாள். ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை. உயிரில்லாத குழந்தையின் வாயில் அவள் பாலை வைப்பதை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டு வந்தேன். தடுக்கவில்லை. சேந்தமங்கலத்தில் டாக்டர் சொல்லும்போது எனக்கும் அப்போதுதான் தெரிந்ததுபோல் தலையில் அடித்துக்கொண்டேன்.

பேர் வைப்பதற்கு முன் போகிற குழந்தைக்கு எங்கள் பக்கத்தில் காரியம் எதுவும் செய்வதில்லை. புதைத்துவிட்டு வந்து குளிப்பார்கள், அவ்வளவுதான். அதன் பிறகு பேச்சையும் எடுக்க மாட்டார்கள். பேசினால் அடுத்த பிள்ளைக்கு ஆகாது என்பார்கள். அடுத்த பிள்ளை பிறந்து, வளர்ந்து, மீசை வைத்து, வேலைக்கும் போய்விட்டான். நாங்கள் பேசவே இல்லை.

எழுதுகிறவனுக்கு ஒரு கெட்ட புத்தி உண்டு. வாயால் சொல்ல முடியாததையெல்லாம் எழுதிவிடலாம் என்று நினைப்பான். ஐந்தாவது நாவலில் ஒரு மலைக்குடும்பத்தின் கதையை எழுதிக்கொண்டு வந்தேன், அந்தப் பஸ் தானாக வந்து நின்றது. குழந்தையின் தகப்பன் காலைத் தொட்டுப் பார்ப்பதும், தெரிந்தும் தெரியாததுபோல் உட்கார்ந்திருப்பதும், அவள் பால் கொடுக்கப் பார்ப்பதும் எல்லாம் எழுதினேன். தோட்டத்தில் பலாமரத்தடியில் உட்கார்ந்து எழுதினேன், அவள் கண்ணில் படக் கூடாது என்று. எழுதி முடித்து அழுதேன். அழுதுவிட்டு, இதை அவளுக்கு எப்படிப் படித்துக் காட்டுவது என்று யோசித்தேன். இதைக் கேட்டால் நான் அவளை ஏமாற்றியது தெரிந்துவிடும். அதற்குப் பிறகு என் முகத்தைப் பார்ப்பாளா? எனக்கு அவளை விட்டால் யார் இருக்கிறார்கள்?

ஆகவே ஒரு வேலை செய்தேன். ஆறாவது அத்தியாயம் படித்தேன். மறுநாள் மத்தியானம் எட்டாவது அத்தியாயத்தைப் படித்தேன்.

மிதித்துக்கொண்டிருந்தவள் ஒரு பக்கம் கேட்டதும் சொன்னாள்: "நேத்து அந்தப் புள்ள மாசமா இருந்தா. இன்னிக்கு வெறுங்கையோட களை வெட்டறா. கொழந்தை எங்கீங்க?"

"அதெல்லாம் பின்னால வரும், நீ கேளு" என்றேன்.

அவள் மிதித்தாள். வேகமாகவும் இல்லை, நிற்கவும் இல்லை. பின்னால் வரும் என்று சொன்னேனே தவிர எதுவும் வரவில்லை. கடைசி அத்தியாயம் வரைக்கும் படித்து முடித்தேன், அவள் அந்தக் கேள்வியை மறுபடி கேட்கவில்லை. மறந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். இருபத்தைந்து வருஷம் கதை கேட்டவளை ஒரு அத்தியாயத்தைத் தாண்டிக் குதித்து ஏமாற்றிவிடலாம் என்று நினைத்தேன் பாருங்கள், என்னைப் போல் ஒரு முட்டாள் உண்டா?

புத்தகம் அச்சாகி வந்தது. சோளக்காட்டில் பஸ்ஸிலிருந்து பார்சலை இறக்கிக்கொண்டு வந்து கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். அவள் கையில் ஒன்றைக் கொடுத்தபோது அட்டையைத் தடவிப் பார்த்து, முகர்ந்து பார்த்து, சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். ஒவ்வொரு புத்தகத்துக்கும் அப்படித்தான். அவள் ஐந்தாம் வகுப்பு வரைக்கும் படித்தவள். பஸ் போர்டு படிப்பாள், ரேஷன் கார்டு படிப்பாள். புத்தகம் படிக்கிற அளவுக்கு எழுத்து ஓடாது. அதுதான் எனக்குத் தைரியம்.

பிரஷர் மாத்திரை வாங்கப் போனபோது ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸம்மா ஒரு பிரதி கேட்டார். கதை படிக்கிற பழக்கம் உள்ளவர். மலையில் எனக்கு இருக்கும் ஒரே வாசகரை இழக்க மனமில்லாமல் கொடுத்துவிட்டேன்.

அடுத்த வாரம் நாங்கள் இருவரும் மிளகு மூட்டையோடு சோளக்காடு சந்தைக்குப் போயிருந்தோம். மூட்டையை எடை போட்டுக் கொடுத்துவிட்டு பஸ்ஸுக்கு நின்றோம். அன்னாசிப்பழம் விற்கிற இடத்திலிருந்து நர்ஸம்மா எங்களைப் பார்த்துவிட்டார். நேராக வந்து என் மனைவியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"அக்கா, அந்த ஏழாவது அத்தியாயம் படிச்சுட்டு அன்னிக்கு எனக்குச் சோறு எறங்கலைக்கா. அந்தப் பஸ்ஸுல வர்றதெல்லாம்... நெசமாலுமே நடந்ததாக்கா?"

என் மனைவி என் பக்கம் திரும்பவே இல்லை. நர்ஸம்மாவின் முகத்தைப் பார்த்து நிதானமாகச் சொன்னாள்.

"அது கதைங்க கண்ணு. அவரு இப்படித்தான் ஏதாச்சும் எழுதுவாரு."

பஸ் வந்தது. ஏறினோம். வீட்டுக்கு வந்து களி கிண்டினாள், எனக்குப் போட்டாள், தானும் சாப்பிட்டாள். கோபமா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. கோபம் என்றால் அவள் பாத்திரத்தை உருட்டுவாள், அதுவும் இல்லை. மறுநாளும் அப்படித்தான். கேட்டதற்குப் பதில் சொன்னாள், தானாக ஒரு பேச்சு இல்லை. எனக்குச் சோறு தண்ணி பிடிக்கவில்லை. "என்னடி, ஏதாவது திட்டித்தான் தொலையேன்" என்று கத்திவிடலாம் போலிருந்தது. கத்துவதற்கும் பயமாக இருந்தது. சாமி படத்துக்குப் பக்கத்தில் புத்தகத்தைக் காணோம் என்பதைக்கூட நான் கவனிக்கவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் உதிர்த்த மிளகு தார்ப்பாயில் காய்ந்துகொண்டிருந்தது. அதைக் கிளறிவிட அவள் வரவில்லையே என்று தேடிக்கொண்டு போனேன். வீட்டுக்குப் பின்னால் காப்பிச் செடிகளின் நிழலில் உட்கார்ந்திருந்தாள். மடியில் புத்தகம். ஆட்காட்டி விரலை வரியின் மேல் வைத்து, உதடு அசைய, எழுத்தெழுத்தாகக் கூட்டிக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். ஏழாவது அத்தியாயம். மூன்று நாளில் இரண்டு பக்கம் தாண்டியிருந்தாள்.

நான் நிற்பதைப் பார்த்ததும் மறைக்கவில்லை. புத்தகத்தை என்னிடம் நீட்டினாள்.

"மீதிய நீங்களே படிங்க. நான் படிச்சா அறுப்புக் காலம் வந்துரும்."

"வேண்டாம் புள்ள" என்றேன்.

"ஊரு படிச்சிருச்சு. நான் கேக்கக் கூடாதுங்களா?"

மண்ணில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து அத்தியாயத்தை முதலிலிருந்து படித்தேன். என் எழுத்து எனக்கே வேறு யாரோ எழுதியதுபோல் இருந்தது. தகப்பன் குழந்தையின் காலைத் தொடுகிற வரியில் நின்றுவிட்டேன். "படிங்க" என்றாள். படித்தேன். சில்லென்றிருந்தது என்பதைப் படித்தேன். அவன் சொல்லாமல் இருந்ததைப் படித்தேன். அவள் முந்தானையை இழுத்து மூடிப் பால் கொடுக்கப் பார்த்ததைப் படித்தேன். அவ்வளவுதான், அதற்கு மேல் எழுத்து தெரியவில்லை. புத்தகத்தை மூடிவிட்டேன்.

"நான்தான் புள்ள அது" என்றேன். "எனக்கு அப்பவே தெரியும். உங்கிட்டச் சொல்லலை. நீ பால் குடுத்தப்பக்கூடச் சொல்லலை. என்னை மன்னிச்சிரு."

அவள் கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினாள்.

"எனக்கும் தெரியுங்க" என்றாள்.

"என்ன தெரியும்?"

"பத்து வளைவு தாண்டலை, அதுக்குள்ளயே தெரிஞ்சு போச்சுங்க. கையில வெச்சிருக்கறவளுக்குத் தெரியாமப் போயிருமுங்களா?"

பாதி மலை இறங்கிய பிறகுதான் நான் காலைத் தொட்டேன். அதற்கு எவ்வளவோ முன்னால் அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

"அப்புறம் எதுக்குப் பால் குடுத்தே?"

"நீங்க பாத்துக்கிட்டே வந்தீங்களே. கொழந்தை குடிக்குதுன்னு நெனச்சுக்கட்டும்னுதான் மூடிக்கிட்டேன். இன்னும் கொஞ்ச தூரம்தான் புள்ள, இன்னும் கொஞ்ச தூரம்தான்னு நீங்க பாட்டுக்குச் சொல்லிக்கிட்டே வந்தீங்க. பாவம் மனுசன், கீழ போறவரைக்குமாச்சும் தகப்பனா இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

எனக்கு ஆத்திரம் பொங்கியது. யார் மேல் என்று தெரியாமலே கத்தினேன். "இத்தனை வருசமா ஏன்டி சொல்லலை?"

"நீங்க ஏனுங்க சொல்லலை?" என்றாள் அவளும் அதே சத்தத்தில்.

பிறகு இருவரும் அழுதோம். குழந்தையைப் புதைத்த அன்றைக்குக்கூட நாங்கள் சேர்ந்து அழவில்லை. அவளைப் பெண்கள் ஒரு பக்கம் பிடித்திருந்தார்கள், என்னை ஆண்கள் ஒரு பக்கம் கூட்டிப் போனார்கள். மனுஷ மனசை எழுதுகிறேன் என்று ஐந்து நாவல் எழுதியவன் நான். தோள் உரச உட்கார்ந்திருந்தவளின் மனசில் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியவில்லை. பெரிய எழுத்தாளன், மண்ணாங்கட்டி!

"இதெல்லாம் தெரிஞ்சிருந்தா வேற மாதிரி எழுதியிருப்பேனே" என்றேன் மூக்கைச் சிந்திக்கொண்டு. "அச்சாயிருச்சே, இனி என்ன பண்றது?"

"இருந்துட்டுப் போகுது. அந்தப் புள்ளைக்குத் தெரியாமயே இருக்கட்டும்" என்றாள். நாவலில் வருகிற அம்மாவைச் சொல்கிறாள் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு புத்தகத்தை என் கையிலிருந்து வாங்கினாள். அந்த அத்தியாயத்தின் முதல் பக்கங்களைப் புரட்டினாள். விரலை வைத்து எதையோ தேடினாள். கிடைக்காமல் என்னிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"ஏனுங்க, மொதல்ல ஒரு எடத்துல கொழந்தை தும்முதுன்னு படிச்சீங்களே."

"ஆமா."

"அது நீங்களாக் கட்டுனதா, நெசமா?"

"நெசம்தான். காலையில வெளிய எடுத்துட்டு வந்து வெயில்ல காட்டினா ஒடனே தும்முவா. ரெண்டு தடவை தும்முவா, எப்பவும் ரெண்டுதான். நீ உள்ள படுத்துக்கிட்டு, நூறு வயசு நூறு வயசுன்னு சொல்லுவே."

அவள் என்னையே பார்த்தாள். அந்தப் பார்வையை நான் எந்த நாவலிலும் எழுதியதில்லை, எழுதவும் வராது.

"எனக்கு மறந்தே போச்சுங்க" என்றாள். "கீழ போன அந்த ஒரு நாளுதான் ஞாபகத்துல நிக்குது. அதுக்கு முன்னால அவ இருந்த ஆறு நாளும் எங்க போச்சுன்னே தெரியலைங்க. எத்தனையோ தடவை கண்ணை மூடி யோசிச்சுப் பாத்திருக்கேன், வரலை." கொஞ்சம் நகர்ந்து என் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தாள். "அந்த எடத்தை மட்டும் இன்னொரு தரம் படிங்க."

படித்தேன். வெயிலில் எடுத்து வந்ததும், கண்ணை இறுக்கி மூடியதும், மூக்கைச் சுருக்கியதும், தும்மியதும் நாலே வரிதான். முடிந்ததும் அவள் முகத்தைப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

"இன்னொரு தரம்" என்றாள்.

எத்தனை தரம் படித்தேன் என்று தெரியாது. அவள் போதும் என்று சொல்லவே இல்லை.